வாவிக்குச் செவிசாய்த்த தெனன்ற் துரை

வந்தாறுமூலையிற் பிறந்தவனுக்கு இரண்டு நீர்நிலைகள் சொந்தம். கிழக்கே களுவன்கேணிக் கரையில் ஓயாது இரையும் கடல் ஒன்று. தெற்கே, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் தூரம் கல்முனைப் பக்கம் வரையில் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி மற்றொன்று. இவ்விரண்டைப் பற்றியும் இரு கதைகளைக் கேட்டே நான் வளர்ந்தேன். கடலிலே சுறா இருக்கிறது, மனிதவாடை கண்டால் அது விடாது என்பது ஒரு கதை. வாவியிலே மீன் பாடுகிறது, பூரணை இரவிலே அதைக் கேட்கலாம் என்பது மற்றக் கதை. இரண்டையும் எனக்குச் சொன்னவர் என் பாட்டியார். எங்கள் ஊர் வழக்கிற் சொன்னால், பெத்தா. அவர் சுறாவை உயிரோடு ஒருநாளும் கண்டவரல்லர். பால்சுறாவை அவித்து உதிர்த்துப் புட்டாக்கிப் பிள்ளை பெற்ற வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிய அளவே அவருக்கும் சுறாவுக்கும் இருந்த உறவு. வாவியின் பாட்டையும் அவர் தம் காதாற் கேட்டதில்லை. ஆயினும் இரண்டையும் ஐயமற நம்பினார், நானும் நம்பினேன்.

பள்ளிக்கூடம் சென்று நாலெழுத்துக் கற்றபின், இரண்டையும் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டேன். நம்பிக்கையை விட்டுச் சிரிப்புக்கு வந்ததே அறிவு என்று அந்நாளில் எண்ணியிருந்தேன். சிரிப்பவனும் நம்புகிறவனும் ஒரே திண்ணையில் இருப்பவர்கள், இருவருமே எழுந்து சென்று பார்த்ததில்லை என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய நூல். அதனை எழுதியவர் ஓர் ஆங்கில ஆட்சியாளர். இலங்கையிலே ஐந்தாண்டு காலம் உயர்ந்த பதவியில் இருந்து, நல்ல பெயரும் கெட்ட பெயரும் ஒருங்கே ஈட்டிச் சென்றவர். சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் என்பது அவர் பெயர். அக்கால வழக்கப்படி நாம் அவரைத் தெனன்ற் துரை என்றே அழைப்போம். அன்னாரின் வாழ்க்கையை இங்கே சுருங்கச் சொல்ல விழைகின்றேன்.

பெல்பாஸ்றிலிருந்து கொழும்புக்கு

அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள பெல்பாஸ்ற் நகரிலே, 1804ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 7ஆந் திகதி, புகையிலை வணிகர் ஒருவரின் மகனாக ஜேம்ஸ் எமர்சன் பிறந்தார். டப்ளின் நகரத்துத் திரித்துவக் கல்லூரியிற் கற்றார். இருபது வயதளவில், துருக்கியரின் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்திருந்த கிரேக்கரின் விடுதலைப்போர் அவருடைய உள்ளத்தை ஈர்த்தது. புறப்பட்டுக் கிரேக்க நாடு சென்றார். அங்கே கவிஞர் பைரன் பிரபுவின் பழக்கத்தையும் பெற்றார். கண்டதையும் கேட்டதையும் எழுதி நூலாக்கும் பழக்கம் அப்போதே அவரிடம் படிந்துவிட்டது. கிரேக்க நாட்டைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் 1826 முதல் 1830 வரை அடுத்தடுத்து வெளிவந்தன.

1831ஆம் ஆண்டிற் பெல்பாஸ்ற் நகரத்துச் செல்வர் வில்லியம் தெனன்றின் மகள் லெற்றீசியாவை மணந்தார். அடுத்த ஆண்டில் மாமனாரின் குடும்பப் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அதே 1832இல் பெல்பாஸ்ற் நகரின் பிரதிநிதியாகப் பிரித்தானியப் பாராளுமன்றம் புகுந்தார். 1841 முதல் இந்திய விவகாரங்களைக் கவனித்த சபையின் செயலாளராகவும் இருந்தார். 1845இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே இலங்கையின் குடியேற்றநாட்டுக் காரியதரிசிப் பதவியும் வந்தது. தேசாதிபதிக்கு அடுத்தபடியான பதவி அது. கச்சேரிக் கடதாசிகள் யாவும் அம்மேசையைக் கடந்தே சென்றன.

கடதாசிகளோடு நின்றுவிடும் இயல்பு அவருக்கு இருக்கவில்லை. மலைநாடும் வன்னியும் கீழ்க்கரையும் வடகரையும் அவர் கால்படாத பகுதிகள் அல்ல. சென்ற இடமெல்லாம் விலங்கு, பறவை, மீன், மரம், குளம், கோயில் என ஒவ்வொன்றையும் விசாரித்தார். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கடிதம் எழுதிக் கேட்டார். ஊரார் சொல்லும் வியப்பான கதை ஏதேனும் காதில் விழுந்தால், அதனைக் குறித்து வைத்துக்கொண்டு, அது எங்கே நிகழ்கிறதோ அங்கே போய்விடுவார்.

கடல்கட்டியின் பிரதிநிதி

அத்தகைய கதைகளுள் ஒன்று மன்னார்க் குடாவைச் சேர்ந்தது. அரிப்புக் கரைக்கு அப்பாலுள்ள முத்துப்பார்களிலே சலாபம் கூடும்போது நூற்றுக்கணக்கான தோணிகள் திரளும். குளிகாரர் கல்லொன்றிற் காலைப் பொருத்திக்கொண்டு ஒன்பது பாக ஆழத்துக்கு இறங்குவர். அக்கடலிலே சுறா மிகுதி. ஆதலாற் கடல்கட்டி எனப்படும் மந்திரகாரர் கரையில் அமர்ந்து சுறாவின் வாயைக் கட்டினாலன்றி ஒரு குளிகாரரும் நீரில் இறங்கார். இது மிகப் பழைய வழக்கம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோவும் இதனைக் குறித்திருக்கிறார். மீனைக் கட்டும் மந்திரகாரருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாம். இரவிலே திருட்டுக் குளிப்பு நடவாதிருக்க, மாலையானதும் அவர்கள் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம்! சுறாவே காவற்காரனாகவும் வேலை பார்த்திருக்கிறது.

பிரித்தானிய அரசாங்கமும் கடல்கட்டிகளுக்குத் தன் கணக்கிலேயே ஊதியம் கொடுத்து வந்தது. மந்திரத்தில் நம்பிக்கை இருந்தோ இல்லாமலோ, அவர் இல்லாவிடிற் குளிப்பு நடவாது என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. தெனன்ற் துரை அரிப்புக்குச் சென்றிருந்தபோது, பரம்பரைக் கடல்கட்டியின் குடும்பத் தலைவர் நோயுற்றிருந்தார். அவர் தமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். அந்த ஆளோ, மந்திரம் தமக்குத் தெரியாதென்பதை ஒளிக்காமற் சொல்லிவிட்டார். ஆயினும், உரியவரின் பிரதிநிதியாய்த் தாம் வந்து நிற்பதைச் சுறாக்கள் அறிந்து மரியாதை காட்டும் என்று துரைக்கு உறுதி கூறினார். குடும்பத் தலைவர் கத்தோலிக்கர் என்பதையும், சைவரோ முஸ்லிமோ கிறித்தவரோ எவராயினும் குளிகாரருக்கு அவரிடத்து நம்பிக்கை குறையவில்லை என்பதையும் துரை கவனித்துக்கொண்டார்.

இந்த இடத்திலே வேறொருவராயின் நகைத்துவிட்டுப் போயிருப்பார். தெனன்ற் துரையும் நகைக்காமல் இல்லை. ஆனால், நகைத்தபின் ஒரு கேள்வியும் கேட்டார். மந்திரம் பொய்யென்றால், சுறா நிறைந்த கடலிலே குளிகாரர் பிழைப்பது எப்படி? பழைய பதிவுகளை விசாரித்தார். பிரித்தானியர் இலங்கையைக் கைக்கொண்ட காலந்தொட்டு அவருடைய நாள்வரை நடைபெற்ற முத்துக்குளிப்புகளிலே, சுறாவால் நேர்ந்ததென நன்கு உறுதிப்பட்ட விபத்து ஒன்றே ஒன்றுதான் என்று தெரியவந்தது. மந்திரத்தின் மேன்மையைக் காட்டிலும் சுறாவின் சுபாவமே இதற்குக் காரணமாகலாம் என்று அவர் எண்ணினார். திரளான தோணிகள், ஆட்களின் ஆரவாரம், இடையறாது விழும் கற்கள், இறங்கியேறும் கூடைகள் ஆகிய இவற்றுக்கு அஞ்சியே சுறா விலகிப் போகிறதென்பது அவர் கொண்ட ஊகம். குளிகாரரின் கருநிற மேனியும் ஒரு காவலாகலாம் என்று கூடவே எழுதினார்.

இவ்வூகங்களைக் கடலிலே சோதித்துப் பார்க்கும் காலம் வந்தது. ஆனால், ஒரு நூற்றாண்டு கழித்து. 1963ஆம் ஆண்டில் நெல்சன், குறூபர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் தம் சோதனையின் பயனை வெளியிட்டனர். அடிபட்ட மீன் துடிக்கும்போது எழுவது போன்ற, விட்டுவிட்டு ஒலிக்கும் தாழ்ந்த ஒலியை நீருக்கடியில் எழுப்பியபோது சுறாக்கள் அஞ்சி ஓடவில்லை. அதனை நாடி வந்தன! 1978இல் வெளியான வேறு சோதனைகளிலோ, திடீரெனப் பெருத்தெழுந்த ஒலியைக் கேட்ட சுறாக்கள் சட்டென்று திரும்பி அகன்றன. ஆகவே, ஓசை சுறாவை விரட்டும் என்பதும் மெய். அழைக்கும் என்பதும் மெய். எந்த ஓசை என்பதே கேள்வி. நிறத்தைப் பற்றிய ஊகமும் இவ்வாறே பாதியில் நிற்கிறது. பல சுறாவினங்களுக்கு நிறங்களைப் பிரித்தறியும் கண் இல்லை; வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேற்றுமையே அவற்றுக்குத் துலங்கித் தெரிகிறதென இன்றைய உயிரியலார் கண்டிருக்கின்றனர்.

கடல்கட்டியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை தன் வீரருக்குச் சுறாவை விரட்டும் மருந்தென்று ஒரு பொட்டலம் கொடுத்தது. செப்பு உப்பொன்றும் கருஞ்சாயமும் கலந்த கட்டி அது. போருக்குப்பின் செய்த சோதனைகளிலே, பசியோடு வந்த சுறாக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பது புலனாயிற்று. எனினும் நெடுங்காலம் அது வழங்கப்பட்டு வந்தது. கடலில் விழுந்தவனுக்கு அப்பொட்டலம் தந்த துணிவே அதன் பெரும்பயன். அரிப்புக் கரையில் மந்திரம் அறியாத பிரதிநிதி வந்து நின்று செய்த வேலையும் அதுவே அன்றோ?

குளிகாரர் நீருக்கடியில் எவ்வளவு நேரம் இருப்பர் என்பதிலும் கட்டுக்கதைகள் மலிந்திருந்தன. காரைக்காலிலிருந்து வந்த ஒரு சிறுவன் ஏழு நிமிடம் மூழ்கியிருக்கக் கண்டதாக 1797ஆம் ஆண்டுச் சலாபத்தைப் பற்றி லெபெக் என்பவர் எழுதியிருந்தார். தெனன்ற் துரை நெடுங்காலம் முத்துப்பார்களை மேற்பார்த்த கப்டன் ஸ்ரூவாட்டிடம் கேட்டார். அவர் எண்ணிப் பார்த்தவர். அவர் கண்டதில் மிகக் கூடிய நேரம் 87 விநாடி. ஒன்பது பாக ஆழத்தில் வழக்கமான நேரம் 55 விநாடி. கதை சுருங்கியது. ஆயினும், 55 விநாடியில் இறங்கிச் சிப்பி திரட்டி ஏறுகிறவனின் உழைப்பு, ஏழு நிமிடக் கதையைக் காட்டிலும் பெரிதாகவே என் கண்ணுக்குத் தோன்றுகிறது.

சேற்றில் உறங்கும் மீன்

எல்லாக் கதையும் பொய்யாய் முடிந்ததில்லை. குளம் வற்றியபின் சேற்றைத் தோண்டி உயிர்மீன் எடுக்கலாம் என்று கீழ்மாகாணத்துக் கிராமத்தார் சொல்வதை ஐரோப்பியர் பலர் நம்பவில்லை. கீழ்மாகாணத்தின் தலைமை அதிகாரியாயிருந்த வைற்றிங் என்பவர், கொட்டியாரப் பகுதியிலும் வெருகல் ஆற்றோரத்திலும் இருமுறை இதனைக் கண்ணாற் கண்டிருந்தார். மண்வெட்டியால் எறிந்த களிமண் கட்டி உடைந்ததும் 9 முதல் 12 அங்குல நீளமுள்ள மீன்கள் வெளிப்பட்டு, வெயில் பட்டவுடன் துள்ளினவாம். தெனன்ற் துரை அதனைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

தரையில் ஏறிச் செல்லும் பனையேறி மீனைப் பற்றியும் அவ்வாறே. தரங்கம்பாடியிலிருந்த டேனிய அதிகாரி ஒருவர், பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைப் பிடித்ததாக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிவித்திருந்தார். அது நம்புதற்கரியதாயிருந்தது. திருகோணமலை அரசாங்க அதிபர் மொறிஸ் எழுதிய கடிதமோ துரைக்கு வேறொரு காட்சியைத் தந்தது. மழை பெய்தவுடன், வற்றிய குளத்தில் ஒடுங்கியிருந்த மீன்கள் புல்லினூடே ஓடிவந்த சிறுநீரை எதிர்த்து அணைக்கட்டில் ஏறின. குளத்திலிருந்து நாற்பது யார் தூரத்திலே ஆட்கள் அவற்றைக் கூடையில் அள்ளினர். மீன் பனை ஏறுவதைத் துரை காணவில்லை. ஆனால், மீன் நடக்கும் என்பது உறுதியாயிற்று. சேற்றுமீனும் நடக்கும் மீனும் எங்கள் வயற்காரருக்குப் புதுமையல்ல. பெரிய பட்டணத்து அறிஞருக்குத்தான் அவை புதுமையாயிருந்தன.

நிலாவிரவில் ஒரு தோணி

இனி நம் வாவிக்கு வருவோம். 1848ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் தெனன்ற் துரை மட்டக்களப்புக்கு வந்தார். அது அவருடைய முதல் வருகை அன்று. ஒல்லாந்தர் கோட்டையை அடுத்த துறையிலே நீருக்கடியிலிருந்து இசை எழுகிறதென்று அவர் கேள்விப்பட்டிருந்தார். உடனே மீனவர் சிலரை அழைத்து விசாரித்தார்.

அவர்கள் சொன்ன விடைதான் என்னை முதன்முதலில் நிமிர்ந்து உட்காரச் செய்தது. பாட்டனார் காலந்தொட்டு இந்த ஒலி கேட்கிறது. ஆனால், அது கோடையில் மட்டுமே கேட்கும், மழைவெள்ளம் வாவியை நிரப்பியதும் நின்றுவிடும். பாடுவது மீன் அன்று, ஊரி. இவ்வாறு அவர்கள் சொன்னார்கள். மீன் பாடுகிறதென்பது ஊர்க்கதை. அந்நீரிலேயே வாழ்ந்தவரோ ஊர்க்கதையை ஒத்துச் சொல்லாமல், தாம் அறிந்ததை அறிந்தவாறு சொல்லியிருக்கின்றனர்! அந்த ஊரியைக் கொண்டுவரும்படி துரை கேட்டார். அவர்கள் சிலவகைச் சிப்பிகளை உயிரோடு எடுத்துவந்து காட்டினார்கள். கண்டற்சேற்றில் ஊர்ந்து திரியும் நீண்ட சுருளூரி அவற்றுள் ஒன்று.

நிலா எழுந்தபின் துரை அவர்களோடு தோணியேறினார். கோட்டை வாயிற்றுறையிலிருந்து ஏறத்தாழ இருநூறு யார் வடகிழக்கே சென்றனர். காற்று அசையவில்லை. துடுப்பால் எழுந்த அலையன்றி வேறு அலை இல்லை. குறித்த இடம் வந்ததும் அவருக்கு ஒலி கேட்டது. நீடித்த ஒரே நாதமாக அது இருக்கவில்லை. ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழுவது போன்ற நுண்ணிய ஒலிகள், உச்சமும் மந்தமுமாகப் பல, ஒன்றோடொன்று கலந்து நீரினின்றும் மேலெழுந்தன.

அவர் மெய்ம்மறந்து இருந்துவிடவில்லை. தோணியின் பலகையிற் காதை வைத்துப் பார்த்தார், ஒலி பெருகியது. ஆகவே, அது நீர்வழி வருவது. தோணியை அப்பால் நகர்த்தச் செய்தார், ஒலி மறைந்தது. திரும்பப் பழைய இடத்துக்கு வந்தார், உடனே கேட்டது. ஆகவே, ஒலிப்பது ஓரிடத்தில் நிலைத்திருப்பது. கரையிலுள்ள பூச்சிகளின் இரைச்சல் நீர்மேல் வந்து ஏமாற்றுகிறதோ என்றும் ஐயுற்றார். ஆனால், கோட்டைமதில் இடையில் நின்று கரையோசையை மறைக்கும் இடங்களிலேதான் ஒலி மிகத் தெளிவாக இருந்தது. ஆகவே, பூச்சியும் அன்று. கையிலே கருவி எதுவுமின்றி, ஒரு தோணி, ஒரு பலகை, இரண்டு காதுகளைக் கொண்டு ஓரிரவில் இதைவிட ஒழுங்காகச் சோதனை செய்தல் இன்றும் அரிதே.

நிலைத்திருப்பது என்றால் மீனாக இராது, மீனவர் சொன்ன ஊரியாகவே இருக்கலாம் என்று அவர் முடிவுக்கு வந்தார். எடின்பரோ நகரத்திலே றொபேட் கிறான்ற் என்னும் விலங்கியலார், கண்ணாடிச் சாடியில் வைத்த ஓடற்ற கடல்நத்தையிடமிருந்து ஒலி எழக் கேட்டதையும் துணைக்குக் காட்டினார்.

இம்முடிவு இன்று அசைந்திருக்கிறது. நீந்திக்கொண்டே இருப்பதுதான் மீனின் வழக்கம் என்று துரை எண்ணினார். ஆனால், தவளைமீன் இனத்தைச் சேர்ந்த சில ஆண்மீன்கள் கல்லிடுக்கிலே கூடமைத்து, இருந்த இடத்தைவிட்டு அசையாமல், வயிற்றினுள்ளே இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரச்செய்து இரவெல்லாம் பெட்டையை அழைக்கும். 1980களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த சோசலித்தோவிலே படகுவீடுகளில் வாழ்ந்தோர் இரவுதோறும் எழுந்த முழக்கத்தால் உறக்கமிழந்து, மின்பொறியோ நீரிறைக்கும் எந்திரமோ என்று தேடி, இறுதியில் அது இத்தகைய மீனின் வேலையென அறிந்தனர். ஆகவே, நிலைத்திருக்கும் ஒலியும் மீனுடையதாகலாம். மட்டக்களப்பு ஒலிக்குக் காரணம் மீனா ஊரியா என்பதில் அறிஞர் அனைவரும் ஒப்பிய முடிவு இதுவரை எட்டப்படவில்லை. 1950களில் இயேசுசபைத் துறவியர் அவ்வொலியைப் பதிவுசெய்தனர். இலங்கை வானொலியிலும் அது ஒலித்தது. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த தமது யாழ்நூலிலே, அதனை நீரர மகளிரின் இசையாகக் கண்டு பாடினார். துரையின் ஊகம் தவறாய்ப் போனாலும் அவர் குறித்த செய்திகள் தவறவில்லை. எங்கே, எப்போது, எவ்வாறு கேட்டார் என்று எழுதிவைத்தமையால், இன்று செல்பவரும் அவ்விடத்திலேயே தொடங்கலாம்.

கேளாத குரல்

இவ்வளவோடு நிறுத்தினால் இது புகழுரையாகிவிடும். தோணியிலே தெனன்ற் துரை செவிசாய்த்திருந்த அந்தச் செப்ரெம்பர் மாதத்தில் கண்டிப் பகுதியிலே இராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்தது.

இலங்கையின் நிதிநிலையைச் சீர்செய்ய அவர் ஓர் அறிக்கை எழுதியிருந்தார். ஏற்றுமதித் தீர்வைகளைக் குறைத்து மக்களிடமிருந்து நேர்வரி பெறவேண்டும் என்பது அதன் சாரம். டொரிங்ரன் தேசாதிபதியின் ஆட்சி 1848இல் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என விதித்தது. ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்க, அன்றேல் அதற்கீடான பணம் தருக என்றது. துப்பாக்கி வேட்டைக்காரனின் கைப்பொருள். நாய் சேனைக்காரனின் காவல். இவற்றுக்கு வரி கேட்டால் ஏழைக்குடியானவனுக்கு என்ன நேரும் என்பதை, மீன் பாடுகிறதா என்று அறியச் சென்றதுபோல ஊரூராய்ச் சென்று முன்கூட்டி எவரும் கேட்கவில்லை. மக்கள் கண்டியிலே திரண்டு முறையிட்டபோது, வரிகளை விளக்கிச் சொல்லும் பொறுப்புத் தெனன்ற் துரையைச் சேர்ந்தது. அவர் விளக்கினார். ஆனால், விளக்குவது வேறு, கேட்பது வேறு.

யூலை இறுதியில் மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. அதன் பருமனைப் பற்றிய வதந்திகளை அரசாங்கம் எண்ணிப் பார்க்காமலே நம்பியது. அரசாங்கப் படையில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. எனினும் இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பினால் 18 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். புரன் அப்பு அவர்களுள் ஒருவர். காவியுடையோடு சுடப்பட்ட பௌத்த துறவி ஒருவரும் அவர்களுள் இருந்தார். அச்செய்தி இலண்டனைக் கலக்கிற்று. 1849இல் பாராளுமன்றக் குழு விசாரணையைத் தொடங்கியது. 1850இல் டொரிங்ரன் பதவியிழந்தார். தெனன்ற் துரையும் இலங்கையை விட்டு அகன்றார். சென்ற் ஹெலீனாத் தீவின் தேசாதிபதியாக அவர் பெயர் குறிக்கப்பட்டும் அப்பதவியை அவர் ஏற்கவில்லை.

பல ஊகங்களைச் சோதித்தறிந்த ஒருவர், உயிர்கள் சம்பந்தப்பட்ட ஊகத்தைச் சோதியாது விட்டதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது. ஊரியைப் பற்றி மீனவர் சொன்னதை மதித்துக் கேட்ட அதே செவி, நாய்வரியைப் பற்றி உழவர் சொன்னதை அவ்வாறு கேட்டிருக்குமானால் அவருடைய இலங்கை வாழ்வு வேறுவிதமாய் முடிந்திருக்கும். அறிவு ஒருவரிடம் இருந்தாற் போதாது. அவருடைய அதிகாரம் செல்லும் இடத்துக்கெல்லாம் அதுவும் உடன்செல்ல வேண்டும்.

நூலும் இறுதியும்

இங்கிலாந்து திரும்பிய துரை மீண்டும் சிறிதுகாலம் பாராளுமன்றத்தில் இருந்தார். 1852 முதல் 1867 வரை வர்த்தக சபையின் செயலாளராகப் பணியாற்றினார். அலுவல் முடிந்த நேரங்களிலே, தாம் இலங்கையிற் சேர்த்த குறிப்புகளை ஒழுங்கு செய்தார். அவ்வாறு உருவான பெருநூல் இரண்டு பாகங்களாக 1859இல் வெளிவந்தது. 1860க்குள் ஐந்தாம் பதிப்பையும் கண்டது. விலங்கினங்களைப் பற்றிய பகுதி விரிவுபெற்று 1861இல் தனிநூலாயிற்று. மறுவருடம் அவர் அரச கழகத்தின் உறுப்பினரானார். நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் அவருடைய நெருங்கிய நண்பர். 1865இல் நூலாக வெளிவந்த தமது நாவலொன்றை அவருக்கே உரிமையாக்கினார். 1867இல் பரோனெற் பட்டம் பெற்ற தெனன்ற் துரை, 1869ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆந் திகதி இலண்டனிலே காலமானார்.

அந்நூலிலே தமக்குச் செய்தி தந்த ஆங்கிலேயர் பலரின் பெயர்களை அவர் நன்றியோடு குறித்திருக்கிறார். நிலாவிரவிலே தோணி வலித்து, பாடுவது ஊரி என்று சொன்ன மட்டக்களப்பு மீனவரின் பெயர்கள் அதில் இல்லை. அவர்கள் சொன்னது மட்டும் இருக்கிறது. அதையேனும் மாற்றாமல் எழுதினாரே என்று ஆறுதல் கொள்கிறேன்.

இளைஞனாயிருந்தபோது நானும் ஒருமுறை கல்லடிப் பாலத்தின் அருகே தோணியில் இருந்து, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்துப் பார்த்தேன். சித்திரை மாதம், பூரணைக்கு முந்திய இரவு. தொலைவில் எங்கோ தவளை கத்துவது போலவும் வீணைத்தந்தி அதிர்வது போலவும் ஏதோ கேட்டது. பெத்தாவிடம் ஓடிச் சென்று சொன்னேன். தமக்கு முன்னமே தெரியும் என்பதுபோல் அவர் சிரித்தார். பல ஆண்டுகளுக்குப் பின், 2013இல் புதுப்பாலம் திறந்தபிறகு, மீண்டும் சென்றேன். பாலத்தின்மேல் வாகனங்களும் நீரிலே இயந்திரப் படகுகளும் இரைந்துகொண்டிருந்தன. ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு நின்றுவிட்டதா, என் காது மந்தமாயிற்றா, இரைச்சல் மூடியதா என்று ஒரே இரவில் முடிவுகட்ட எனக்கு உரிமை இல்லை. அதற்குப் பல இரவுகள் வேண்டும்.

சுறாவுக்கும் இதே நிலைமைதான். அது மனிதனைத் தின்னும் என்ற கதையை நாம் சோதியாது நம்பியிருந்தோம். மனிதன் அதனைத் தின்றதை எண்ணிப் பார்த்தவர்கள், 1970க்கும் 2018க்கும் இடையே பெருங்கடற் சுறாக்களும் திருக்கைகளும் 71 வீதம் குறைந்துவிட்டன என்று 2021இல் அறிவித்தனர். இலங்கையும் 2012இல் கசையாற் சுறாவைப் பிடிப்பதைத் தடைசெய்தது. அஞ்சப்படும் விலங்கு அருகிப் போவதை எவரும் கவனிப்பதில்லை.

எங்கள் வந்தாறுமூலையிலே 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கலைக்கழகம் இருக்கிறது. வாவியும் கடலும் அதற்கு அருகிலேயே உள்ளன. நீருக்கடியிலே அமிழ்த்தி ஒலியைப் பிடிக்கும் கருவிகள் தெனன்ற் துரைக்குக் கிடைக்கவில்லை; நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். கோடையிலும் மாரியிலும், பூரணையிலும் அமாவாசையிலும் வாவிக்குச் செவிசாய்த்து, மழைவெள்ளத்தோடு பாட்டு நிற்குமென்று மீனவர் அன்று சொன்னது சரியா என்பதை அவர்கள் சோதிக்கட்டும். அவ்வாறு செல்கிற நாளில், தோணி வலிப்பவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள மறவாதிருப்பார்களாக.